மன்னிப்புக் கேட்கப் போன குடும்பம்

'தி சிம்ப்சன்ஸ்' தொடரைக் கொஞ்சகாலம் விடாமல் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். எழுதுகிறவர்களுக்குக் கையில் சரக்குத் தீர்ந்துபோனால் குடும்பத்தை அப்படியே தூக்கி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஜப்பான், பிரேசில், இங்கிலாந்து, சீனா, இந்தியா, இஸ்ரேல் என்று ஹோமரும் மார்ஜும் பிள்ளைகளும் சுற்றாத ஊர் இல்லை. அவர்களுக்கே இது தெரியும். 2000இல் வந்த ஒரு எபிசோடில் குடும்பம் மொத்தமும் குதூகலமாகக் கத்துகிறது, இந்த முறை டெலவேருக்குப் போகிறோம் என்று. டெலவேர் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் பொடி மாநிலம். இதற்கு மேல் எங்கே போவது என்று தங்களையே கிண்டலடித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பயண எபிசோடுகளில் ஒன்றே ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 'பார்ட் வெர்சஸ் ஆஸ்திரேலியா'. ஆறாவது சீசன், 1995 பிப்ரவரி 19 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர்கள் பில் ஓக்லியும் ஜோஷ் வைன்ஸ்டீனும், இயக்கியவர் வெஸ் ஆர்ச்சர். இருபத்துச் சொச்சம் நிமிடம்தான். முன்பெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு எழுந்துபோய்விடுவேன். இப்போதும் சிரிப்பு வருகிறது, ஆனால் சிரித்து முடித்த பிறகு எழுந்திருக்க மனம் வருவதில்லை. முப்பது வருடப் பழைய கார்ட்டூனில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை குளியலறையில் தொடங்குகிறது. வாஷ்பேசினில் பற்பசையையும் ஷாம்பூவையும் விட்டு எது முதலில் ஓட்டைக்குள் இறங்குகிறது என்று பார்ட்டும் லிசாவும் பந்தயம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் எப்போதும் ஒரே பக்கமாகவே சுழல்வதைப் பார்ட் கவனிக்கிறான். பூமியின் வடபாதியில் இப்படித்தான் சுழலும், தென்பாதியில் எதிர்ப்பக்கமாகச் சுழலும் என்று லிசா விளக்குகிறாள். பார்ட் நம்பவில்லை. தென்பாதியில் இருக்கிற இடங்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பிக்கிறான். அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அகப்படுகிறது. அர்ஜென்டினாவில் ஒரு காருக்குள் போன் அடிக்க, எடுக்கத் தள்ளாடி ஓடிவருகிற கிழவரை உற்றுப் பார்த்தால், அட, ஹிட்லர். கடைசியில் ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற உட்பகுதியில் டோபயஸ் என்ற பையன் மாட்டுகிறான். சர்வதேச வடிகால் ஆணையத்திலிருந்து பேசுகிறோம் என்று பார்ட் விறைப்பாகச் சொல்ல, பாவம், அந்தப் பிள்ளை வீட்டுக் கழிப்பறையைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளையும் பார்த்துச் சொல்ல ஓடுகிறான். அங்கே பக்கத்து வீடு என்றால் பல மைல். பார்ட் போனை வைக்காமல் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறான். ஆறு மணிநேரம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லிசா சொன்னது சரியல்ல. பூமியின் சுழற்சி புயலைத் திருப்பும், வாஷ்பேசின் தண்ணீரைத் திருப்ப அதற்குத் தெம்பு போதாது. குழாயைத் திறந்த விதம், தொட்டியின் வடிவம் இவைதான் அங்கே திசையைத் தீர்மானிக்கின்றன. 1962இல் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபிரோ என்ற பேராசிரியர் ஆறடி விட்டத்தில் ஆழமில்லாத வட்டத்தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ஒருநாள் முழுக்க அசையாமல் அடங்கவிட்டு, நடுவில் சின்ன ஓட்டை வழியாக வடித்துப் பார்த்தார். தண்ணீர் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. 1965இல் சிட்னியில் அதே சோதனையைச் செய்தபோது முள்ளின் திசையிலேயே சுழன்றது. அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தால்தான் பூமி தன் கையைக் காட்டும். பார்ட்டுக்கு ஏது பொறுமை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பார்ட் போட்டது கலெக்ட் கால். சமீபத்தில் அக்கா பையனோடு உட்கார்ந்து இந்த எபிசோடைப் பார்த்தேன். பத்து வயது. ஹிட்லர் யாரென்று தெரிந்திருக்கிறது, கலெக்ட் கால் தெரியவில்லை. எடுத்துப் பேசுகிறவர் தலையில் கட்டணம் விழும் அழைப்பு என்று விளக்கினேன். "அப்ப போன் பண்ணவன் காசு குடுக்க வேணாமா மாமா? இது நல்லாருக்கே" என்றான். ஐ.எஸ்.டி. பூத்தில் சிவப்பு மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடியே வளைகுடாவில் இருந்த சித்தப்பாவிடம் பேசி முடித்த தலைமுறை நான். எனக்கு அது நல்லாருக்கிற விஷயமாகப் படவில்லை. ஆனால் பையன் கேட்டது சரியான கேள்வி. இந்த எபிசோட் முழுக்கவே அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. ஒருவன் செய்கிறான், பில் இன்னொருவன் வீட்டுக்குப் போகிறது.

டோபயஸின் அப்பா புரூனோவுக்கு வரும் பில் 900 டாலர். ஆஸ்திரேலிய டாலரை இந்த எபிசோட் 'டாலரிடூ' என்று கூப்பிடுகிறது, அப்படி ஒரு சொல் உலகத்தில் கிடையாது. பணத்தைக் கேட்டு புரூனோ போன் செய்தால் பார்ட் நக்கலடிக்கிறான். புரூனோ நேராகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போகிறார், அவர்தான் தொகுதி எம்.பி. அவரும் இவருமாகப் பிரதமரைப் பார்க்கப் போகிறார்கள். பிரதமர் ஏரியில் அம்மணமாக டியூபில் மிதந்துகொண்டு பீர் குடிக்கிறார். கரையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், "ஆண்டி!" அவரும் என்ன ஏதென்று கேட்கிறார்.

ஆஸ்திரேலியர்களைப் பட்டிக்காட்டான்களாகக் காட்டுவதாகத்தான் இந்தக் காட்சியைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 900 டாலர் போன் பில்லுக்காக ஒரு விவசாயி நாட்டின் பிரதமரைக் கரையில் நின்று கூப்பிட முடிகிறது, அவர் செவிசாய்க்கிறார் என்றால் அந்த நாட்டில் ஏதோ ஒன்று ஒழுங்காக இருக்கிறது. அடுத்த காட்சியில் அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து ஓர் அதிகாரி சிம்ப்சன் வீட்டுக்கு வருகிறார். குரல் ஃபில் ஹார்ட்மன். வழவழவென்று பேசி, சுவரில் ஸ்லைடு போட்டு இருநாட்டு உறவை விளக்குகிறார். எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்கு ஆஸ்திரேலியாவின் மேல் கொஞ்சநாள் மோகம் இருந்ததாம், என்ன காரணத்தாலோ அது நிரந்தரம் என்று ஆஸ்திரேலியர்கள் நம்பிவிட்டார்களாம். 1986இல் வந்த 'க்ராகடைல் டண்டீ' அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடிய ஓட்டத்தை நினைத்துக்கொண்டால் இது எங்கே குத்துகிறது என்று புரியும். ஒரு நாட்டைக் கொஞ்சுவது, அலுத்துப்போனதும் மறப்பது, நம்பி முதல் போட்டவன் கடையைச் சாத்திக்கொள்வது. இதுவும் ஒரு கலெக்ட் கால்தான்.

அந்த அதிகாரி கொண்டுவரும் தீர்வு இன்னும் அழகு. ஆஸ்திரேலியாவைச் சமாதானப்படுத்த பார்ட்டை ஐந்து வருடம் உள்ளே வைக்கலாம் என்கிறார். மார்ஜ் மறுக்க, நேரில் போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவாகிறது. சொந்த நாட்டு அரசுக்கே அந்தப் பையன் ஒரு சில்லறைச் செலவுதான்.

1995இல் இதைப் பார்த்த அமெரிக்கர்களுக்கு உடனே ஞாபகம் வந்திருக்கக்கூடிய பெயர் மைக்கேல் ஃபே. சிங்கப்பூரில் கார்களின் மேல் பெயின்ட் அடித்துப் பாழாக்கிய குற்றத்துக்காகச் சிறையும் அபராதமும் ஆறு பிரம்படியும் விதிக்கப்பட்ட பதினெட்டு வயது அமெரிக்கர். அதிபர் கிளின்டனே தலையிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு ஆறு நான்கானது. 1994 மே மாதம் அடி விழுந்தது. அமெரிக்காவில் காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு பக்கம் கொதித்தார்கள், நம்மூரிலும் நாலு போட்டால்தான் பிள்ளைகள் உருப்படும் என்று இன்னொரு பக்கம் சொன்னார்கள்.

இந்தப் பிரம்பைத்தான் எபிசோட் பூட்ஸாக மாற்றிக்கொள்கிறது. பாராளுமன்றத்தில் பார்ட் ஒப்புக்குச் சப்பாணியாக மன்னிப்புக் கேட்டு முடித்ததும், இன்னொரு சின்னத் தண்டனை பாக்கி இருக்கிறது என்கிறார்கள். பெரிய பூட்ஸ் காலால் பின்புறத்தில் ஒரு உதை. அது அவர்களின் பெருமைமிக்க மரபாம்.

எழுதியவர்கள் இங்கே செய்த தேர்வை மெச்ச வேண்டும். சிங்கப்பூரையே வைத்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சப்பை மூக்கும் இடுங்கிய கண்ணுமாக நாலு கொடூர அதிகாரிகள், உடைந்த ஆங்கிலம், நடுவில் அப்பாவி அமெரிக்கப் பிள்ளை. கீழைநாட்டுக் கொடுமை என்ற பழைய கதை தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி ஆங்கிலம் பேசும் வெள்ளைக்கார நாடு ஒன்றில் வைத்ததால் அந்த வழி அடைபட்டது. எதிரில் நிற்பது கிட்டத்தட்டத் தன்னைப்போன்ற ஒருவன். ஆகவே வித்தியாசம் நாகரிகத்தில் இல்லை, வலுவில்தான் இருக்கிறது. யாரிடம் ஹெலிகாப்டர் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதுதான் விஷயம்.

தூதரகத்துக் காட்சிகளுக்கு வருவோம். என் கணக்கில் இந்தத் தொடரின் மிகச்சிறந்த ஐந்து நிமிடங்களில் இவை சேரும். கழிப்பறையில் தண்ணீர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க ஹோமருக்கு ஆசை. கவலை வேண்டாம், முறையான அமெரிக்கத் திசையிலேயே சுழல ஏற்பாடு செய்திருக்கிறோம் என்கிறார்கள். இழுத்துவிட்டால் தண்ணீர் முதலில் ஒரு பக்கம் சுழல, உள்ளே இயந்திரம் முக்கி முனகி அதை மறுபக்கம் திருப்புகிறது. ஹோமருக்குக் கண் கலங்கி தேசபக்திப் பாட்டே வந்துவிடுகிறது. வெளிநாட்டில் பல மாதம் இருந்துவிட்டு எதையுமே பார்க்காமல் திரும்பும் மனிதர்களை நமக்கெல்லாம் தெரியும். இங்கே ஒரு அரசாங்கமே அதை இயந்திரம் வைத்துச் செய்கிறது.

அடுத்தது வாசல் கேட். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆஸ்திரேலியா, அந்தப் பக்கம் அமெரிக்கா என்று ஹோமர் சின்னப்பிள்ளை பாண்டி ஆடுவதுபோல் மாறிமாறிக் குதிக்கிறார். 'இப்ப ஆஸ்திரேலியால இருக்கேன், இப்ப அமெரிக்கால இருக்கேன்.' காவலுக்கு நிற்கும் மரைன் வீரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஹோமர் அமெரிக்கப் பக்கம் இருக்கும் நேரம் பார்த்து முகத்தில் ஒரு குத்து விடுகிறார். சட்டப்படி தூதரக நிலம் அந்நிய மண் ஆகிவிடுவதில்லை. 1961 வியன்னா ஒப்பந்தத்தின்படி, உள்ளே வர அந்த நாட்டு அனுமதி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஹோமரின் சட்டம்தான் உலகம் முழுக்க ஜனங்கள் நம்புகிற சட்டம். அமெரிக்கா என்பது ஒரு கோடு, தாண்டிவிட்டால் எவனும் தொட முடியாது. தொட்டால் அமெரிக்கன்தான் தொட வேண்டும்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் குடும்பம் ஓடி ஒளிகிறது. வெளியே கூட்டம். இரு அரசுகளும் பேசி ஒரு சமரசத்துக்கு வருகின்றன. பெரிய பூட்ஸ் வேண்டாம், பிரதமர் சாதாரண ஷூவோடு கேட்டின் இடைவெளி வழியாக ஒரே ஒரு உதை கொடுப்பார். மார்ஜ் கூடாது என்கிறாள். பார்ட் சம்மதித்துவிடுகிறான். பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிடம் மனசு இளகுகிறது, பையன் திருந்திவிட்டானோ என்று. பிரதமர் காலை ஓங்க, பார்ட் லாவகமாக நகர்ந்து, திரும்பி, நிஜாரை இறக்குகிறான். பின்புறத்தில் எழுதியிருக்கிறது: என்னை மிதிக்காதே. தேசிய கீதத்தையும் முனகுகிறான்.

இந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஜோக் இன்னும் ஆழமாகப் போகும். 1775இல், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்துக் கிளம்பிய அமெரிக்கக் காலனிகளின் மஞ்சள் கொடியில், சுருண்டு தலைதூக்கிய விரியன் பாம்புக்குக் கீழே எழுதியிருந்த வாசகம் அது. நசுக்கப்படுகிற சின்னவன் பெரியவனைப் பார்த்துச் சொன்னது. இருநூறு வருடம் கழித்து உலகத்தின் பெரிய வல்லரசு அதைத் தன் குட்டிப் பையனின் குண்டியில் எழுதிக்கொண்டு, மரைன் படைக்குப் பின்னால் நின்று, 900 டாலர் கடன் கேட்டு வந்தவர்களிடம் காட்டுகிறது. சின்ன வயதில் இங்கே நான் கை தட்டியிருக்கிறேன். கை தட்டத்தான் வைப்பார்கள். பார்ட் நமக்குப் பிடித்த பையன், எதிரே இருப்பது உதைக்க வரும் அரசாங்கம். பெரியவனோடு நின்றபடியே சின்னவனாக உணர வைக்கிற அந்த வித்தையைத்தான் இந்த எபிசோட் நம்மிடமே செய்துகாட்டுகிறது.

உடனே கூரையிலிருந்து ஹெலிகாப்டர். கீழே கொந்தளிக்கும் கூட்டம். 1975 ஏப்ரல் 29 அன்று சைகோனில் ஹூபர்ட் வான் எஸ் எடுத்த படம் நினைவுக்கு வராமல் போகாது. கூரையில் ஏணி, அதில் வரிசையாக மனிதர்கள், மேலே ஹெலிகாப்டர். (அது தூதரகக் கூரை என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் வேறொரு அடுக்குமாடிக் கட்டடம்.) செய்ததைச் செய்துவிட்டுக் கூரை வழியாகப் பறந்துபோவது அமெரிக்காவுக்குப் பழக்கமானதுதான் என்பதை ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரே ஷாட்டில் முடித்துவிடுகிறார்கள்.

தவளையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பார்ட் வரும்போது ஒரு பெரிய தவளையைக் கொண்டுவருகிறான். வெளிநாட்டு உயிரினங்களுக்கு அனுமதி இல்லை என்று விமான நிலையத்தில் தெரிந்ததும் அதை அங்கேயே இறக்கிவிட்டு வந்துவிடுகிறான். அது பாட்டுக்குப் பெருகுகிறது. நாம் உதையையும் பூட்ஸையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் தவளைகள் வயலைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் நாடு முழுக்கத் தவளை. அந்நிய உயிரினத்தைக் கொண்டுவந்து விட்டால் இப்படித்தான் ஆகும் என்று குடும்பமே விழுந்து விழுந்து சிரிக்கிறது.

இதில் ஒரு குறை எனக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் நிஜமான தவளைக் கதையில் பார்ட் யாரும் இல்லை. 1859இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டையாட ஆசைப்பட்டு இரண்டு டஜன் அளவில் முயல்களை அவிழ்த்துவிட்டார். சில பத்தாண்டுகளில் அவை நிலத்தை மொட்டையடித்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல்களைத் தடுக்க 1901இலிருந்து 1907வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட வேண்டிவந்தது. 1935இல் கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து நூறு தேரைகளைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். தேரைகள் வண்டுகளைத் தொடவில்லை, மற்றதையெல்லாம் தின்றன. நச்சுத் தேரை என்று அறியாமல் அவற்றை விழுங்கிய உள்நாட்டு விலங்குகள் கூட்டமாகச் செத்தன. குடியேறிய வெள்ளையர்களே எழுதிக்கொண்ட பில் இது. கட்டியது நிலமும் அதன் மூத்த உயிர்களும். ஓக்லியும் வைன்ஸ்டீனும் அமெரிக்காவைக் குத்துவதில் இருந்த மும்முரத்தில் ஆஸ்திரேலியாவைச் சுலபமாக விட்டுவிட்டார்கள். அந்த நாட்டின் பூர்வகுடிகளைப் பற்றியும் இதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

பின்னால் வந்த பயணங்களில் என்ன ஆனது என்று பார்த்தால் இந்தக் குறை சின்னதாகிவிடும். 2002இல் குடும்பம் பிரேசில் போகிறது. ஹோமரைக் கடத்துகிறார்கள், தெருவெல்லாம் திருட்டுப் பிள்ளைகள், குரங்குகள். ரியோவின் சுற்றுலா அமைப்பு வழக்குப் போடுவோம் என்றது. தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் மன்னிப்புக் கேட்டார். கூடவே, இது போதாதென்றால் பிரேசில் அதிபரோடு குத்துச்சண்டை போட ஹோமர் தயார் என்றார். பாராளுமன்றத்தில் பார்ட் கேட்ட மன்னிப்பு மாதிரியே இருக்கிறதா? ஏழு வருடத்துக்கு முன் தாங்கள் எழுதிய காட்சியைத் தாங்களே நடித்துக்காட்டிவிட்டார்கள், அதுவும் சிரிக்காமல். அந்த எபிசோடில் குடும்பம் எந்தத் தப்பும் செய்வதில்லை. அவர்கள் போகிறார்கள், ஊர் அவர்களைப் படுத்துகிறது. பில் முழுவதும் ரியோவின் கணக்கில்.

2005 சீனப் பயணத்தில் ஒரே ஒரு பலகைக்காக முழு எபிசோடையும் மன்னிக்கலாம். தியானென்மென் சதுக்கத்தில், 1989இல் இங்கே எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவைத்த பலகை. 2021இல் டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் சேவை ஹாங்காங்கில் தொடங்கியபோது அந்த எபிசோட் மட்டும் அங்கே இல்லை. ஜோக் நிஜமாகிவிட்டது என்பது இதுதான்.

நம் ஊருக்கும் வந்தார்கள், 2006இல். அணுமின் நிலையத்தை பர்ன்ஸ் பெங்களூருக்கு மாற்ற, பயிற்சி கொடுக்க ஹோமர் வருகிறார், கொஞ்சநாளில் தன்னைக் கடவுளாகவே நினைத்துக்கொள்கிறார். பாதி அரைத்த மாவு. ஆனால் முடிவில் ஒரு பொறி இருக்கிறது. ஹோமர் இந்தியத் தொழிலாளர்களுக்கு இடைவேளை, சலுகை, ஓய்வுப் பணம் என்று கேட்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். செலவு கூடிவிட்டதும் பர்ன்ஸ் கடையைக் கட்டுகிறார், பணம் கிடைத்த சந்தோஷத்தில் தொழிலாளர்கள் கொண்டாடுகிறார்கள். பில்லை அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்புவதை அந்த ஒரு நிமிடம் ஞாபகம் வைத்திருக்கிறது. மீதி நேரமெல்லாம் மாடும் நெரிசலும் பல கைகளும்தான்.

ஆஸ்திரேலியர்களுக்கு முதலில் கோபம் வந்தது, அந்த உச்சரிப்புக்கே பலர் முகம் சுளித்தார்கள். பிறகு மெல்ல அந்த எபிசோடைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 2015இல் நாட்டின் நாணயத்துக்கு டாலரிடூ என்று பெயர் மாற்றக் கோரி ஒருவர் இணையத்தில் மனுப் போட, பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். ரியோவில் அப்படி யாரும் எதையும் எடுத்து வைத்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

கடைசி ஷாட் ஒன்று பாக்கி. குடும்பம் உள்ளே சிரித்துக்கொண்டிருக்க, கேமரா கீழே இறங்குகிறது. ஹெலிகாப்டரின் அடிக்கம்பியை ஒரு கோலா கரடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வருகிறது.